பொழி ஆகமம், நாலாம் அதிகாரம்

தாம்பரத்தில் ஹில்டா டீச்சரைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் கிடையாது. கவிதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். கவிதையாவது ஒன்றாவது! கையெழுத்துக்காக. ஞானஸ்நானச் சான்றிதழா, கல்யாணப் பத்திரிகைக்கு விலாசமா, பரிசளிப்பு விழாவுக்குப் பேர் எழுதவேண்டுமா, "ஹில்டா டீச்சர்கிட்ட குடுத்துடுங்க" என்று ஊரே சொல்லும். பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், அவள் எழுதிய 'ழ'வைப் பார்த்துவிட்டு, இது அச்சா கையா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் மை ஒட்டிக்கொண்ட பிறகுதான் நம்பினார்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். புருஷன் அசரியா, ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. வாயைத் திறந்தால் கேலிதான். கவுண்டரில் நின்று "பீச்சுக்கு ஒண்ணு" என்று கேட்பவரிடம், "போறதுக்கு மட்டுமா, திரும்பி வர்ற உத்தேசம் உண்டா?" என்று கேட்கிற ஆள். மேற்குத் தாம்பரத்தில் ஓட்டு வீடு, வாசலில் ஒரு முருங்கை மரம். அப்போதெல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடல்காற்று தவறாமல் வந்து சேரும். வழியில் அதைத் தடுக்க ஒரு மாடிக்கட்டடமும் கிடையாது. இன்றைக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் டீச்சருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும், சபையில் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டு ஓர் அட்டை எடுப்பார்கள். வாக்குத்தத்த அட்டை என்று பெயர். அதில் ஒரு வேத வசனம் இருக்கும். கீழே எந்த ஆகமம், எத்தனையாவது அதிகாரம், எத்தனையாவது வசனம் என்ற குறிப்பு இருக்கும். அதுதான் அந்த வருஷம் ஆண்டவர் அவர்களுக்கென்று தனியாகச் சொல்கிற வார்த்தை. ஆசீர்வாதம் வந்தவர்கள் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போவார்கள். கண்டிப்பான வசனம் வந்தவர்கள், டப்பாவோடு நிற்கும் கோயில் வேலையாளான கோயில்குட்டி அந்தப் பக்கம் திரும்பியதும் அதை டப்பாவிலேயே போட்டுவிட்டு வேறு எடுப்பார்கள். எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த இருநூறு சொச்சம் அட்டையையும் எழுதுவது ஹில்டாதான். கெட்டியான சார்ட் பேப்பரைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, நீல மையில் எழுதுவாள். வெட்டியதில் மிஞ்சும் அட்டைகளை வீணாக்க மனசு வராது. அவற்றில்தான் தன் கவிதைகளை எழுதிவைப்பாள். அதற்கு முன்னால் எதுகை மோனையோடு பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தவள், அட்டைக்கு வந்ததும் மூன்று வரி, நாலு வரியில் நிறுத்தப் பழகிவிட்டாள்.

அவற்றை வெளியிட்டவர் சாம்பசிவன். அஸ்தினாபுரத்துக்காரர், ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். 'ஈசல்' என்று ஒரு கவிதைப் பத்திரிகையை சைக்ளோஸ்டைல் செய்து, நினைத்தபோது கொண்டுவருவார். ஹில்டாவின் குட்டிக் கவிதைகளைப் படித்துவிட்டு, "இதுதாம்மா புதுக்கவிதை! சொற்சிக்கனத்தை எங்கே கத்துண்டேள்?" என்று அசந்துபோனார்.

"அட்டையில அதுக்கு மேல இடம் இல்ல சார்" என்றாள் ஹில்டா.

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவள் சொன்னதோ வெறும் உண்மை.

அறுபத்துமூன்றாம் வருஷம் டிசம்பர் நாலாம் தேதி ஹில்டாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு பகல் இருந்தது. பொழுது சாய்ந்ததும் போய்விட்டது. பேர் வைக்கக்கூட நேரமில்லை. அசரியாதான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். திரும்பி வந்து குளித்தான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை, பாவம். வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு ஹில்டா வீட்டில் தங்கமாட்டாள். பொழிச்சலூரில் தங்கை சரோஜினி வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே தலைக்கு மேலே ஆகாய விமானம் தாழப் பறக்கும். பேச்சுக் காதில் விழாது. பேசாமல் இருக்க வசதியான ஊர். அறுபத்தெட்டாம் வருஷம் அப்படிப் போனபோது, கையோடு எழுதவேண்டிய அட்டைகளையும் எடுத்துப் போயிருந்தாள். வசனங்கள் எழுதிக்கொண்டே வந்தவள், நடுவில் ஓர் அட்டையில் இப்படி எழுதினாள்:

கதவைத் தாழிடாதே.
வருகிறவனுக்குத்
தட்டத் தெரியாது.

கவிதைக்குக் கீழே ஊரையும் தேதியையும் குறிப்பது அவள் வழக்கம். பொழிச்சலூருக்கு 'பொழி.' என்று சுருக்கினாள். மாதம் முழுக்க வசன எண்ணே எழுதிப் பழகிய கை, தேதிக்கு நடுவிலும் இரட்டைப் புள்ளி வைத்துவிட்டது. பொழி. 4:12.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மேஜையெல்லாம் பரப்பிக் கிடந்த அட்டைகளை, "பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்றேன்" என்று அசரியா ஒன்றுவிடாமல் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டான். ஒத்தாசை!

புத்தாண்டு பிறந்து பத்து நாள் போயிருக்கும். படப்பையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஞானையா என்பவர், ஒரு சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். தாம்பரம் சானடோரியம் பக்கம் குடியிருந்த, அதே சபையைச் சேர்ந்த ஞானசௌந்தரியின் தம்பி. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கைக்குட்டைக்குள் ஓர் அட்டை.

"ஒரு சந்தேகம் டீச்சர். நீங்க எழுதினதாச்சே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் 'பொழி'ன்றது எந்த ஆகமம்? ஆதியிலேர்ந்து கடைசி வரைக்கும் பொரட்டிட்டேன், கெடைக்கல. சபை பாதிரி ஐயர் கையில குடுத்தா, கண்ணாடியைக் கழட்டிப் பாத்தாரு, மாட்டிப் பாத்தாரு, 'தீர்க்கதரிசிகள்ல சின்ன ஆள் யாராச்சும் இருக்கும்'னு சொல்லிட்டு செருப்ப மாட்டிகினு கெளம்பிட்டாரு."

ஹில்டா அட்டையைப் பார்த்தாள். அவளுடைய மூன்று வரிதான். அசரியா காபியோடு வந்தவன், எட்டிப் பார்த்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு வந்த வழியே உள்ளே போனான்.

"ஏன் கேக்கறீங்க?" என்றாள் ஹில்டா.

ஞானையா சொன்னார். அவருடைய அத்தான் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து, போன ஆடியில் காலமாகிவிட்டார். அக்கா தனியாக இருக்கிறாள். அவளைப் படப்பைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவளும் சரி என்றிருந்தாள். வீட்டுக்காரரிடம் மாசக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. புத்தாண்டன்று இந்த அட்டையை எடுத்தாள், அவ்வளவுதான். வரமாட்டேன் என்கிறாள். "ஆண்டவர் சொல்லிட்டாரு, தயாளன் வருவான், நான் இங்கதான் இருப்பேன்" என்கிறாள். தயாளன் அவள் மகன். பதினேழு வயசில் வீட்டைவிட்டுப் போனவன்.

"அது போவட்டும் டீச்சர். ராவும் பகலும் கதவைத் தாழ் போடறதில்ல. பொம்பள ஒண்டியா படுத்துகினு கீது, கதவு ஆன்னு தொறந்து கெடக்குது. பக்கத்துல ரெண்டு வூட்ல திருட்டுப் போயிருக்கு. கேட்டா, 'வேதத்துல போட்டிருக்கு, உனக்கு இன்னாடா தெரியும்'ன்றா. இது எந்த அதிகாரம், முன்ன பின்ன இன்னா சொல்லியிருக்குன்னு காட்டினாதான் அடங்குவா."

"பார்த்துச் சொல்றேன் அண்ணா" என்றாள் ஹில்டா. ஞானையா அட்டையை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.

என்னத்தைப் பார்த்துச் சொல்வது! அன்றைக்கு அவள் சோறு வைக்கவில்லை. ஆண்டவர் பேரால் கள்ள நோட்டு அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு தாய் அதை வாங்கி முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அந்த மனுஷியின் நெஞ்சு உடையும். சொல்லாவிட்டால் திறந்த கதவு வழியாக எவன் நுழைவானோ?

"நான் வேணா போய், கைத்தவறுதலா நடந்துபோச்சுன்னு சொல்லிட்டு வரட்டுமா?" என்று அசரியா கேட்டான். கேலி பண்ணாமல் கேட்டான்.

"வேணாங்க. எழுதினது நான்."

சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் அஸ்தினாபுரத்துக்கு சாம்பசிவனைப் பார்க்கப் போனாள். கவிதைச் சமாசாரம் கேட்க வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? சாம்பசிவன் முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கையைத் தட்டிக் குதித்தார்.

"காமு, இங்கே வா! இந்தக் கூத்தைக் கேளு!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார். "நூத்தம்பது பிரதி போடறேன் அம்மா. எவனும் படிக்கறதில்லை. உங்க மூணு வரியைப் படிச்சுட்டு ஒருத்தி வீட்டையே காலி பண்ணமாட்டேங்கறா! ஒரு கவிஞருக்கு இதைவிட என்ன வேணும்?"

பிறகு உள்ளே போய் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வந்து பரப்பினார். லண்டனில் படிக்கும் மைத்துனன் அனுப்பியதாம். டாரட் என்று பேராம். தலைகீழாய்த் தொங்கும் மனுஷன், இடி விழுந்த கோபுரம், குடத்தால் தண்ணீர் ஊற்றும் பெண் என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம். "அங்கே கவிதை எழுதறவாளெல்லாம் இப்போ இதைத்தான் கட்டிண்டு அழறா. நம்ம ஸ்டேஷன் வாசல்ல கிளி எடுக்கறதே, அதுக்கு அண்ணன். சீட்டுல ஒண்ணும் கிடையாது அம்மா. எடுக்கறவன் மனசுல இருக்கறதைச் சீட்டு தூக்கிக் காட்டறது. கவிதையும் அதைத்தானே பண்றது? நீங்க பேசாம இருங்கோ. அந்த அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை கிடைச்சிருக்கு."

ஹில்டாவுக்கு வந்ததே கோபம். அத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

"சார், உங்க சீட்டை எடுத்து வச்சுட்டுப் பேசுங்க. அந்தம்மா ராத்திரி கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குது. ஏதாவது ஆச்சுன்னா உங்க டாரட் வந்து பதில் சொல்லுமா? கிளிக்காரன் எல்லாருக்கும் 'வருவான்'னுதான் சொல்றான். அவனுக்கு நாலணா. எனக்கு என்ன? நான் யாரு, அவ மகன் வருவான்னு சொல்றதுக்கு?"

சாம்பசிவன் ஆடிப்போய்விட்டார். காமு மாமி கதவோரம் நின்று, "டீச்சர் சொல்றதுதான் சரி. நீங்க அதையெல்லாம் உள்ளே வையுங்கோ" என்றாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் ஹில்டா சானடோரியத்துக்கு நடந்தாள். அந்த வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. ஒரு வெள்ளாடு உள்ளே நின்று, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் டிசம்பர் வரைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "ஏய், ச்சூ!" என்று அதை விரட்டிவிட்டுக் கூப்பிட்டாள்.

"அக்கா!"

ஞானசௌந்தரி புறக்கடையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். ஒடிசலான தேகம், பெரிய குரல். "வா டீச்சர், வா. நானே வரணும்னு இருந்தேன். உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். எம்மாம் பெரிய வார்த்தை எழுதிக் குடுத்துருக்க!"

ஹில்டா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, அது வேதத்துல இல்ல."

"இன்னாது?"

"பொழின்னு ஒரு ஆகமம் இல்ல. பொழின்னா பொழிச்சலூர். நாலு பன்னெண்டுன்னா டிசம்பர் நாலாம் தேதி. அது நான் எழுதின கவிதை. வசன அட்டையோட தப்பாச் சேந்துபோச்சு. ஆண்டவர் சொன்னதில்ல அக்கா. நான் எழுதினது. என்னை மன்னிச்சிடுங்க."

ஞானசௌந்தரி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்! "அடிப்பாவி! படிச்சவதான நீ? என் புள்ளய வச்சா வெளாடறது? பத்து நாளா நான் தூங்கல. காத்து அசைஞ்சா ஏந்து உக்காந்துகினு கீறேன். கவிதையாம் கவிதை! உனக்கு எழுத வேற எடம் கெடைக்கலியா?" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஹில்டா தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள்.

கத்தி ஓய்ந்ததும், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஞானசௌந்தரி கேட்டாள்: "சரி. அவுங்கப்பா தட்டச் சொன்னது உனக்கு எப்டித் தெரியும்?"

"என்னது?"

"தயாளன் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலாயி கோட்டு அடிச்சுட்டு சினிமாவுக்குப் போயிட்டு வந்தான். அவுங்கப்பா வெளிய தள்ளி தாழ் போட்டாரு. 'இனிமே இந்த வூட்டுக்குள்ள வரணும்னா கதவத் தட்டு, மாப்பு கேளு, அப்புறம் வா'ன்னாரு. அவன் தட்டல. ரொம்ப நேரம் வெளியவே நின்னுருக்கான், தட்டல. ரோஷக்காரன். விடிஞ்சு பாத்தா ஆள் இல்ல. இது எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் போய்ட்டாரு. அப்ப, தட்டத் தெரியாதுன்னு நீ எப்டி எழுதின?"

"எனக்கு எதுவுமே தெரியாது அக்கா. சத்தியமா."

"பின்ன யாரைப் பத்தி எழுதின?"

ஐந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததை, ஆட்டுப் புழுக்கை கிடந்த அந்தக் கூடத்தில் நின்று ஹில்டா சொன்னாள். ஒரு பகல் மட்டும் இருந்ததை. விரல்கள் மட்டும் அசரியாவின் விரல்கள் மாதிரியே நீளமாக இருந்ததை. திரும்பி வந்தால் தாழ்ப்பாள் எட்டாதே, தட்டத் தெரியாதே, கையே அவ்வளவுதானே என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்ததை.

ஞானசௌந்தரி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தன் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அழு. நல்லா அழு. இத்தினி நாளு எங்கதான் வச்சிருந்தியோ" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெயில் கூடத்துக்குள் வந்துவிட்டது. ஞானசௌந்தரிதான் முதலில் பேசினாள்.

"வேதத்துல கழுதையையே பேசவச்ச ஆண்டவரு. ஒரு டீச்சரை எழுதவைக்க மாட்டாரா? நீ எதுக்கு எழுதினியோ, எனக்கு வந்தது எனக்குத்தான். அட்டையை நான் குடுக்கமாட்டேன்."

"அக்கா, தாழாவது போட்டுக்கோங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"எனக்கும் பயமாத்தான் கீது. பொய் சொல்லுவானேன்? தம்பிகூடப் போயிடலாம்னுதான் தோணுது. ஆனா வேற ஆளுங்க குடிவந்து தாழ் போட்டுட்டா? அவன் வந்து நிப்பான். தட்டமாட்டான். அக்கம்பக்கத்துல கேக்கவும் மாட்டான். அப்டியே திரும்பிப் போயிடுவான்." சட்டென்று ஹில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் இந்த வூட்டுக்கு வந்துருங்களேன்! உங்க வூட்டுக்குக் குடுக்கற வாடகைதான். உனக்குத்தான் தெரியுமே, ஏன் தாழ் போடக்கூடாதுன்னு. வேற யாருக்கு நான் போய் வெளக்கிச் சொல்லுவேன்?"

ஹில்டா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, அசரியா ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அந்த வீட்ல தண்ணி வருமா?" வரும் என்றாள். "அப்ப சரி" என்றான். பிப்ரவரி முதல் தேதி சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் போகச் சொன்ன இடத்துக்கு, ஏன் என்று கேட்காமல் அவன் வந்தது ஹில்டாவுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

அந்த வீட்டில் அவர்கள் இருந்த வருஷங்களைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். தாழ் போடாத வீடு என்றால் சும்மாவா? பகலில் கோழி வரும், ஆடு வரும். ஒருதடவை சர்க்கஸ் கம்பெனி நோட்டீஸ் கொடுக்கிறவன் நேராக உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனான். அசரியாவின் சைக்கிள் பம்பு போயிற்று. இரண்டு எவர்சில்வர் தட்டு போயிற்று. இரவில் கதவைச் சாத்தி, அதை ஒட்டி ஒரு ஸ்டூலையும், ஸ்டூல் மேல் ஒரு சொம்பையும் வைப்பான் அசரியா. எவனாவது தள்ளினால் சொம்பு விழும். பூனை தள்ளினாலும் விழும். "பொழி ஆகமம் நாலாம் அதிகாரப்படி பூனைக்கும் தட்டத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவான்.

மாதம் ஒருமுறை ஞானசௌந்தரி படப்பையிலிருந்து பஸ்ஸில் வருவாள். வாசலில் நின்று ஒரு விரலால் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். திறந்துகொண்டால்தான் உள்ளே காலை வைப்பாள். கொண்டுவந்த கீரையையோ கொய்யாவையோ வைத்துவிட்டு, சாப்பிட்டு, ஹில்டாவின் புதுக் கவிதைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். "இது புரியல, அடுத்தது படி" என்பாள். சாம்பசிவனைவிட இவள் சொல்வதுதான் ஹில்டாவுக்கு உறைக்கும். புரியாததை அடித்துவிடுவாள். 'ஈசல்' நின்றுபோன பிறகும் அவள் எழுதியது இந்த ஒரு வாசகிக்காகத்தான்.

எத்தனை நல்ல நாட்கள் அவை! மழைக்காலத்தில் அந்தக் கூடம் ஒழுகும். மூன்று பேரும் பாத்திரங்களை வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்கள். மின்சார ரயில் போகிற சத்தத்தை வைத்தே அசரியா மணி சொல்வான். தயாளனைப் பற்றி ஞானசௌந்தரி பேசுவாள். சின்ன வயசில் தவளை பிடித்து அப்பாவின் டிபன் பாக்ஸில் வைத்த கதையை எத்தனை தடவை சொன்னாலும் அசரியா முதல்தடவை கேட்பதுபோலச் சிரிப்பான்.

எழுபத்தாறாம் வருஷம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து ஹில்டா அடுப்பில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஆடாக இருக்கும் என்று, "ஏங்க, பாருங்க" என்றாள். அசரியா புறக்கடையில் இருந்தான்.

"அம்மா" என்றது ஒரு குரல்.

திரும்பினாள். கூடத்துக்கு நடுவில் ஓர் ஆள். நெடுநெடுவென்று உயரம், காக்கிச் சட்டை, கன்னத்தில் இரண்டு நாள் தாடி. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் பின்வாங்கினான். "மன்னிச்சுக்கோங்க... வூடு மாறி வந்துட்டேன்" என்று வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

"நில்லு" என்றாள் ஹில்டா. வகுப்பில் சொல்கிற குரல். அவன் நின்றுவிட்டான். "தயாளன்தானே? வீடு மாறல. உன் வீடுதான். செருப்பைக் கழட்டிட்டு உட்காரு. அம்மா நல்லா இருக்காங்க. படப்பையில மாமா வீட்ல இருக்காங்க."

"அப்பா?"

ஹில்டா கரண்டியை வைத்துவிட்டு அவனருகே வந்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அசரியா வந்து பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். ஹில்டா தட்டு வைத்துச் சோறு போட்டாள். தயாளன் அழுதுகொண்டே சாப்பிட்டான். பம்பாயில் லாரி ஓட்டுகிறானாம். நடுவில் ஒருதடவை, "தாழ் போட்டிருந்தா தட்டியிருக்க மாட்டேங்க. அப்படியே ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன்" என்றான். ஹில்டா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். ஊற்றிவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாப்பிட்டானதும் அசரியாவே அவனைப் படப்பைக்கு அழைத்துக்கொண்டு போனான். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தான். ஞானசௌந்தரி மகனைக் கண்டதும் முதலில் ஓங்கி ஓர் அறை விட்டாளாம். அப்புறம்தான் கட்டிக்கொண்டாளாம். தெருவே கூடிவிட்டதாம். ஞானையா ஒப்பாரி வைத்தாராம். எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

சொல்லி முடித்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். கையைத் தாழ்ப்பாளில் வைத்தான்.

"இனிமே போட்டுடலாமா ஹில்டா?"

யாருக்காகத் திறந்து வைத்தார்களோ அவன் வந்து, சாப்பிட்டு, தாயிடம் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி திறந்து வைக்கக் காரணம் கிடையாது. அந்தக் காரணத்துக்குப் பின்னால் தன் காரணத்தை இத்தனை வருஷம் ஒளித்துவைத்திருந்தது அப்போதுதான் ஹில்டாவுக்கே தெரிந்தது.

"போடுங்க" என்றாள்.

துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாள் நகரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, ஒருவழியாக அதை உள்ளே தள்ளினான். அந்தச் சத்தத்தில் ஹில்டா உடைந்து அழுதாள். அசரியா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எண்ணெய்க் கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தான்.

"நல்ல உசரம் இல்ல, அந்தப் பையன்?" என்றான். "பஸ்ல பக்கத்துல உக்காந்துட்டுப் போகும்போது கணக்குப் போட்டுட்டே போனேன். நம்ம சாலமோன் இருந்திருந்தா இப்ப அவன் தோள் வரைக்கும் வந்திருப்பான்."

ஹில்டா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "யாரு சாலமோன்?"

"நம்ம புள்ளதான்." அவன் அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னிக்குக் கல்லறைத் தோட்டத்துல பேர் என்னன்னு கேட்டாங்க. பேர் இல்லாம புதைக்க எனக்கு மனசு வரல. சாலமோன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காம வச்சுட்டோமேன்னு... வீட்டுக்கு வந்து சொல்லத்தான் வாய் வரல."

வெளியே ஒரு ரயில் போயிற்று. அவன் மணி சொல்லவில்லை. ஹில்டா அந்தப் பேரை மெதுவாக, பழக்கமில்லாத வார்த்தையைச் சொல்வதுபோல, ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை, கூப்பிடுவதுபோலச் சொன்னாள்.